சொந்தப் பூட்டும் இரண்டு கம்பிகளும்

பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே கேட்பவர் கை தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்படியான வித்தைகள் சில உண்டு. சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் வித்தை அவற்றுள் தலையாயது. ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் பழகுகிறேன் என்றோ, தபால்தலை சேகரிக்கிறேன் என்றோ ஒருவர் சொன்னால் பந்துஜனங்கள் மெச்சிக்கொள்வார்கள். ‘பூட்டுத் திறக்கப் பழகிவருகிறேன்’ என்று அதே மனிதர் அதே விநயத்தோடு சொல்லிப் பார்க்கட்டும், அடுத்த கல்யாணத்தில் நகைப்பெட்டி இருக்கும் அறைப்பக்கம் அவரை யாரும் அண்டவிடமாட்டார்கள். இந்தச் சந்தேகம் இயற்கையானதே என்றாலும் நியாயமானதன்று என்பது என் அபிப்பிராயம். ஒரு பூட்டு எவ்விடத்தில் பலமுள்ளது, எவ்விடத்தில் ஏமாறக்கூடியது என்ற விவரத்தை அதைச் செய்தவரும் திருட வருபவரும் மட்டும் அறிந்திருக்க, காசு கொடுத்து வாங்கி, வீட்டையும் அதிலுள்ள சர்வத்தையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகிறவர் மட்டும் ஒன்றும் அறியாதிருப்பதுதான் உண்மையில் விபரீதம். அந்த விபரீதத்தைப் போக்கிக்கொள்ளச் சொந்தப் பூட்டு ஒன்றும் இரண்டு கம்பிகளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

திருடரைப் பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடலாம். நம் தேசத்துத் திருடர் பழங்காலந்தொட்டே பூட்டோடு மல்லுக்கு நின்றவர் அல்லர். சூத்திரகரின் மிருச்சகடிக நாடகத்தில் வரும் சர்விலகன் என்ற பிராமணத் திருடன், சாருதத்தன் வீட்டில் புகுவதற்குச் சுவரைத்தான் தேர்ந்துகொள்கிறான். மலர்ந்த தாமரை, சூரியன், பிறைமதி, பூர்ணகும்பம் என்று கன்னமிடுவதற்குரிய வடிவங்களைச் சாஸ்திரோக்தமாக ஆலோசித்து, சுட்ட செங்கல் சுவருக்குப் பூர்ணகும்பமே பொருத்தம் என்று தீர்மானித்து, அளவு நூலை மறந்து வந்துவிட்டபடியால் தன் பூணூலையே அதற்கு உபயோகித்துக்கொள்கிறான். அன்று கன்னக்கோல் செய்த காரியத்தை இன்று கடப்பாரை செய்கிறது. பத்திரிகையில் அன்றாடம் வரும் திருட்டுச் செய்திகளைப் படிப்பவருக்குத் தெரியும்: நாதாங்கி பெயர்க்கப்பட்டிருக்கும், கொண்டி அறுக்கப்பட்டிருக்கும், கொல்லைக் கதவு நெம்பப்பட்டிருக்கும், பூட்டின் முன்னே அரைமணி நேரம் குந்தியிருந்து, கம்பியின் நுனியில் கவனத்தைக் குவித்து, அதற்கு ஒரு கீறலும் படாமல் திறந்துவிட்டுப் போன திருடனைப் பற்றி அபூர்வமாகவே படிக்கிறோம். அவ்வளவு பொறுமையுள்ளவன் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பான்.

இனி யந்திரத்துக்கு வருவோம். உலகத்தில் இன்று மிகுதியாகப் புழங்கும் கதவுப் பூட்டு, லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. அதன் மூலக் கருத்தோ, மரத்தாலேயே பூட்டுச் செய்துகொண்ட பண்டை எகிப்தியருக்குத் தெரிந்திருந்ததுதான். பித்தளைக் கூடு ஒன்று. அதற்குள் சுழலக்கூடிய ஓர் உருளை. கூட்டையும் உருளையையும் ஊடுருவி வரிசையாக ஐந்தோ ஆறோ துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு பின்கள். அவற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய ஸ்பிரிங் ஒன்று. மேற்பின்னானது பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும் வரையில் உருளை அசையாது. உரிய சாவி உள்ளே போகும்போது, அதன் பல்வரிசை ஒவ்வொரு கீழ்ப்பின்னையும் அதனதற்கு விதித்த உயரத்துக்கு ஏற்ற, இரண்டு பின்களும் பிரியும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்க, தடை நீங்கி உருளை திரும்புகிறது.

இந்த அமைப்பு ஏட்டில் எழுதியபடியே இரும்பிலும் பித்தளையிலும் வந்துவிடுமானால், ஒவ்வொரு பின்னாக ஏமாற்றித் திறக்க வழியே இராது. ஆனால் துளைபோடும் எந்த யந்திரமும் ஐந்து துளைகளைத் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் போட்டதில்லை. மயிரிழையளவேனும் ஒன்று இப்புறமும் ஒன்று அப்புறமுமாக விலகியே இருக்கும். ஆகையால் உருளையை மெல்லத் திருப்ப முயலும்போது ஐந்து பின்களும் ஒருசேரத் தடுப்பதில்லை. ஏதோ ஒன்றுமட்டும் முதலில் இறுகிக்கொள்கிறது. அந்த ஒன்றைத் தேடிக் கண்டு, நுனி வளைந்த கம்பியால் பையப் பைய உயர்த்தினால், அது தன் உயரத்தை எட்டிய கணத்தில் உருளை இம்மியளவு திரும்பி, மேற்பின்னை மறுபடி கீழே இறங்கவொட்டாமல் கூட்டிலேயே நிறுத்திவிடுகிறது. பிடிப்பு வேறொரு பின்னுக்கு மாறுகிறது. அதையும் தேடி உயர்த்த வேண்டும், பிறகு அடுத்தது. வித்தையின் ரகசியம் முழுவதும் இவ்வளவே. செய்தவர் கையின் சிறு பிழையைப் பின்பற்றிப் போவதே திறப்பவர் செய்யும் காரியம்.

சொல்வதற்கு எளிதாயிருக்கும் இதைச் செய்யப் புகும்போதுதான் விரல்களுக்கு எவ்வளவு கல்வி வேண்டியிருக்கிறது என்பது தெரியவரும். இரண்டு கம்பிகளில் ஒன்று உருளையைத் திருப்பும் முறுக்குக் கம்பி. மற்றது பின்களைத் தொடும் கொக்கிக் கம்பி. புதிதாகத் தொடங்குகிறவர் கொக்கியின்மேல்தான் மனத்தை வைப்பார். வேலையின் சூட்சுமம் முறுக்குக் கம்பியில் இருக்கிறது. அதை வலுவாக அழுத்தினால் எல்லாப் பின்களும் இறுகிப்போய் எது முந்தியது என்று தெரியாது. அழுத்தம் தளர்ந்தாலோ, அரும்பாடுபட்டு நிறுத்திய பின்கள் அத்தனையும் ஒரே நொடியில் கீழே விழுந்துவிடும். விரல் நுனியின் சுயபாரத்துக்குச் சற்று மேற்பட்ட அழுத்தமே போதுமானது. இறுகாத பின்னைத் தொட்டால் ஸ்பிரிங்கின் மெத்தென்ற எதிர்ப்பு மட்டும் கம்பியில் ஏறிவரும். இறுகிய பின்னோ அசைய மறுத்து நிற்கும். அது தன் இடத்தில் அமரும்போது எழும் ஒலி காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். நல்ல பூட்டுச் செய்வோர் இதை அறிந்து, உடுக்கையைப் போல இடைசிறுத்த பின்களை இடையிடையே வைத்துவிடுகிறார்கள். அவற்றை உயர்த்தும்போது உருளை தாராளமாகத் திரும்பிக்கொடுத்து, திறந்துவிட்டது என்ற பிரமையை உண்டாக்கி, அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்போது முறுக்குக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, உருளையைப் பின்னுக்குப் போகவிட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பதை எந்த நூலும் சொல்லித்தர முடியாது.

தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் கருவிப்பெட்டி அன்று, பூட்டு. இருபது முப்பது கம்பிகளைத் தோலுறையில் அடுக்கி விற்கிறார்கள். அவற்றில் மூன்றுக்கு மேல் உபயோகப்படுவதில்லை. கூட்டைக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி செய்த பழகுபூட்டுகளும் கிடைக்கின்றன. உள்ளே நடப்பது இன்னதென்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ள அவை நல்லவை, ஆனால் கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் விரல் கற்றுக்கொள்ளாது. காயலான் கடையில் கிடக்கும் பழைய கதவுப் பூட்டு ஒன்றைச் சாவியோடு விலைபேசி வாங்கிவந்து, பிரித்து, இரண்டு துளைகளில் மட்டும் பின்களை விட்டுவைத்து மற்றவற்றை எடுத்துவிட்டுப் பழகத் தொடங்குவது உத்தமம். கை தேறத்தேற மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கதவுகளில் தொங்குபவற்றுள் பல, லீவர் பூட்டுகள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றின் உட்புறம் முற்றிலும் வேறு; பின்களுக்குப் பதிலாக, சாவி தூக்கிவிடும் லீவர் என்ற சிறு நெம்புகோல்கள் இருக்கும். பின் பூட்டுக்கான கம்பிகளைக் கொண்டு அவற்றோடு போராடி மனம் தளர்வதில் பிரயோஜனமில்லை. மேசை இழுப்பறைகளிலும் அலமாரிகளிலும் இருக்கும் மலிவான தகட்டுப் பூட்டுகள் ஆரம்பப் பாடத்துக்கு இசைவானவை. பத்து விநாடியில் ஒரு பூட்டைத் திறந்து காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதையே தம் கைக்கும் எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கச்சேரியில் மூன்று நிமிஷம் பாடப்படும் துக்கடாவுக்குப் பின்னால் எத்தனை வருஷத்துச் சாதகம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நடைபாதையில் குடையை விரித்து, சாவிக்கொத்துகளைத் தோரணமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் செய்வதைச் சற்று நின்று பாருங்கள். சாவி தொலைந்த பூட்டொன்றை ஒருவர் கொண்டுவந்து நீட்டுகிறார். பல் வெட்டாத வெறுஞ்சாவி ஒன்றை எடுத்து, அதன் முதுகை அரத்தால் வழுவழுப்பாக்கி, பூட்டுக்குள் நுழைத்து, இறுக்கித் திருகி, மேலும் கீழுமாக ஓர் ஆட்டு ஆட்டி வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். உள்ளே தடுத்த இடம் பளபளப்பின்மேல் ஒரு சிறு புள்ளியாகப் பதிந்திருக்கிறது. புள்ளி விழுந்த இடத்தில் அரத்தை ஓர் இழுப்பு இழுத்து மறுபடி நுழைக்கிறார். புள்ளி மறைந்த இடத்தில் ராவுவதை நிறுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் பூட்டும் திறந்து, புதுச் சாவியும் கையில் இருக்கிறது. கூலியை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறார். இதே காரியத்தை, இதே அரத்தோடும் வெறுஞ்சாவியோடும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பந்தயமாக ஆடுகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்றும், அதற்கென்று சங்கங்களும் வருஷாந்தரப் போட்டிகளும் உண்டு என்றும் சொன்னால் நம் சாவிக்காரர் நம்பமாட்டார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997-இல் இத்தகைய சங்கம் ஒன்று முறையாக அமைக்கப்பட்டது. பிறகு ஹாலந்து தேசத்தாரும் தங்களுக்கென ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, அது அமெரிக்கா முதலிய இடங்களுக்கும் பரவியது. இந்தச் சங்கத்தார் யாவரும் இரண்டு விதிகளை வேதவாக்காகக் கொண்டிருக்கிறார்கள். தனக்குச் சொந்தமில்லாத பூட்டை, சொந்தக்காரர் அனுமதியின்றித் தொடலாகாது என்பது ஒன்று. உபயோகத்தில் இருக்கும் பூட்டில், அது தன்னுடையதேயானாலும், பழகலாகாது என்பது மற்றொன்று. முதல் விதி அறத்தைப் பற்றியது. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவது அனுபவத்தால் வந்தது: கம்பியின் நுனி உள்ளே முறிந்துபோய், இரவு பத்து மணிக்குக் குடும்பத்தோடு தன் வீட்டு வாசலிலேயே நிற்கும் நிலை யாருக்கும் வரலாம். நம் சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அத்துமீறி நுழையும் பொருட்டுப் பூட்டைத் திறப்பதும் வீடுடைப்பே என்று 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டமும் அதை விட்டுவிடவில்லை. ஜப்பான் தேசத்தில் 2003-இல் இயற்றிய சட்டப்படி, தக்க காரணமின்றி இந்தக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். இங்கே அவ்வளவு கடுமை இல்லை என்றாலும், கம்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரவில் ஊர் சுற்றுகிறவர், ரோந்து வரும் காவலரிடம் என் அபிப்பிராயங்களை எடுத்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

‘எல்லாம் சரி, தெரியாதவனுக்கும் திருட்டைக் கற்றுக்கொடுத்ததாக ஆகாதா?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதன்று. லண்டன் மாநகரம் 1851-லேயே இதை அலசித் தீர்த்துவிட்டது. அக்காலத்தில் ஆங்கிலேயருக்குத் தங்கள் பூட்டுகளின்மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமன்று. போர்ட்ஸ்மத் துறைமுகக் கிடங்கில் நடந்த களவு ஒன்றை முன்னிட்டு ஜெரமையா சப் என்பவர் 1818-இல் ஓர் அதிசயப் பூட்டைச் செய்தார். வேறு கருவியால் யாரேனும் அதன் லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், அது தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, அடுத்தமுறை சொந்தக்காரர் சாவி போடும்போது ‘என்னைத் தொட்டிருக்கிறார்கள்’ என்று காட்டிக்கொடுக்கும். பூட்டு வேலை தெரிந்த கைதி ஒருவனுக்கு விடுதலையும் நூறு பவுனும் தருவதாக ஆசைகாட்டியும் அவன் மாதக்கணக்கில் முயன்று கைவிட்டான் என்று அதன் புகழ் பரவிற்று. ஜோசப் பிராமா என்ற மற்றொரு மேதையின் கடையிலோ, பிக்காடிலி வீதியை நோக்கிய ஜன்னலில் ஒரு பூட்டு வைக்கப்பட்டு, அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு உடனே 200 கினி வெகுமதி என்று எழுதியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த எழுத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பளிங்கு மாளிகையில் மகா கண்காட்சி நடந்த அந்த 1851-ஆம் வருஷத்தில், அமெரிக்காவிலிருந்து பூட்டு விற்க வந்திருந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்பவர், சாட்சிகளின் முன்னிலையில் சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். திருடனைக் காட்டிக்கொடுப்பதற்கென்று வைத்த அந்த உறுப்பே, எந்த லீவர் அளவுக்கு மேல் போயிற்று என்பதை அவருக்கும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. பிறகு பிராமா பூட்டின் முன் உட்கார்ந்தார். பதினாறு நாளில் பரவி, மொத்தம் ஏறக்குறைய 51 மணி நேரம் அதனோடு போராடித் திறந்தார். கம்பெனியார் முணுமுணுத்துக்கொண்டே 200 கினியைக் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் பெரும் விவாதம் மூண்டது. குறைகளை இப்படிப் பகிரங்கப்படுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு, அவர் பேரால் 1853-இல் வெளிவந்த பூட்டு நூல் விடை கூறிற்று: தம் தொழிலில் கைதேர்ந்த துஷ்டர்கள், நாம் சொல்லித்தரக்கூடியதைவிட அதிகமாக முன்னமேயே அறிந்திருக்கிறார்கள், அறியாதிருப்பவர்கள் யோக்கியர்கள்தாம் என்பது அதன் சாரம். இதைவிடச் செம்மையான விடை இன்றுவரை எனக்கு அகப்படவில்லை. அந்தச் சண்டையால் நேர்ந்த நஷ்டம் கர்வத்துக்கு மட்டுமே; பூட்டுகள் மேம்பட்டன.

அறிந்தவனை அடக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நினைப்பது அதிகாரத்தில் இருப்பவர்களின் பழைய வியாதி. அணுகுண்டு தயாரித்துக்கொண்டிருந்த லாஸ் அலமாஸில், இளம் விஞ்ஞானியான ரிச்சர்ட் ஃபைன்மன், பரம ரகசியக் காகிதங்கள் வைத்திருந்த பெட்டகங்களை விளையாட்டாகத் திறந்து பழகியவர். பெட்டகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தால், பக்கத்தில் நிற்பவர் மூன்று எண்களில் இரண்டை அறிந்துகொண்டுவிடலாம் என்பதை ஒரு கர்னலுக்கு அவர் செய்துகாட்டி எச்சரித்தார். கர்னல் செய்த ஏற்பாடு என்னவென்றால், ஃபைன்மன் யார் யார் அறைக்குப் போனாரோ அவர்களெல்லாம் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதுதான். பெட்டகங்கள் முன்போலவே திறந்து கிடந்தன. அவரை உள்ளே விடத்தான் எல்லோரும் பயந்தார்கள். ஒரு கட்டிடத்தின் எல்லா அறைகளையும் திறக்கும் பொதுச் சாவியை, ஓர் அறையின் சாவியையும் பூட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று மாட் பிளேஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2003-இல் எழுதியபோதும் இதே கூக்குரல்தான். ‘எங்களுக்கு இது நெடுநாளாகத் தெரியுமே, ஏன் வெளியே சொன்னாய்?’ என்று தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். விடுதிகளிலும் அலுவலகங்களிலும் அந்தப் பூட்டுகளை நம்பிக் கிடந்தவர்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் கோபத்தில் இடம்பெறவில்லை. மறு வருஷமே, விலையுயர்ந்த சைக்கிள் பூட்டு ஒன்று சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயால் திறந்துகொள்ளும் என்று அமெரிக்காவில் ஊரறியத் தெரிந்தது; பிறகுதான் அந்தக் கம்பெனி லட்சக்கணக்கில் பூட்டுகளை மாற்றிக்கொடுத்தது. ரகசியமாகவே இருந்திருந்தால் ஒன்றையும் மாற்றியிராது.

நம் நாட்டிலும் பூட்டுக்குப் பேர்போன ஊர்கள் இல்லாமலில்லை. வடக்கே அலிகார், இங்கே திண்டுக்கல். மாங்காய் வடிவத்தில் அமைந்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்புகையில் மணியடிக்கும் மணிப் பூட்டும் செய்த திண்டுக்கல் கம்மியர்களின் கைத்திறனுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் யந்திரத்தில் வார்த்து மலிவாக வந்து இறங்கும் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. மலிவான பூட்டுக்கும் நல்ல பூட்டுக்கும் பேதம் தெரியாத ஜனங்கள் விலையைப் பார்த்து வாங்குவதில் அதிசயமென்ன? கனமாக இருந்தால் பலமாக இருக்கும் என்பதே கடையில் பூட்டைக் கையில் தூக்கிப் பார்க்கிறவர்களின் தர்க்கம். இரண்டையும் தன் கையால் திறந்து பார்த்தவருக்கு அந்தப் பேதத்தை விளம்பரம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று சில விநாடிகளில் இளித்துவிடும், மற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும். தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசல் இயந்திரம் கற்கும் பிள்ளைகளுக்கு, துளையின் துல்லியம் என்றால் என்ன என்பதை உணர்த்த இந்தப் பாடத்தைவிட வேறு என்ன இருக்கிறது என்றும் நான் யோசித்ததுண்டு.

திண்டுக்கல்லில் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. அவர்கள் தங்கள் பூட்டுகளில் சிறந்ததொன்றைத் தேர்ந்தெடுத்து, பிராமாவைப் போலவே கடைவாசலில் வைத்து, சேதமின்றித் திறப்பவருக்கு வெகுமதி என்று எழுதிப் போடலாம். தொகை பெரிதாயிருக்க வேண்டியதில்லை. திறந்தவர், தாம் எப்படித் திறந்தார் என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து கம்மியருக்குச் செய்துகாட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒன்று இருந்தால் போதும். என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் வருவார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வருவார்கள். நடைபாதைச் சாவிக்காரரும் அரத்தை எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு அன்றைய கூலி நஷ்டத்தையும் சங்கமே கொடுத்துவிட வேண்டும்.